புதுநன்மை

தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் 'பிள்ளைக்குப் புதுநன்மை' என்றால் முதன்முறை நற்கருணை வாங்குகிறது என்று பொருள். நன்மை என்பதே இங்கு நற்கருணை, 'நன்மை வாங்கினாயா?' என்று பாட்டிமார் கேட்பது அதைத்தான். நல் + கருணை என்ற சேர்க்கை, நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'யூக்கரிஸ்தியா'வின் உறுப்புகளை ஒத்திருக்கிறது: 'யூ' நல்லது, 'காரிஸ்' அருள். முழுச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் நன்றி கூறல் என்றே பொருள்.

எந்த வயதில்? 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் 'புத்தி விவரம் அறிந்த வயது' என்றது. எத்தனை வயது என்று சொல்லவில்லை. அதனால் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுக்கும் மேலே தள்ளிப்போனது. 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஏறக்குறைய ஏழு வயது என்று வரையறுத்தார். முழு மறைக்கல்வியும் வேண்டாம்; அடிப்படை உண்மைகளைத் தன் வயதுக்கேற்ப அறிந்து, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்றார். நம் பங்குகளில் மனப்பாடத்துக்கு வைக்கும் தேர்வைப் பார்த்தால் அவர் வியந்திருப்பார்.

கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்தக் கேள்வியையே எழுப்புவதில்லை: திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தைக்கே கரண்டியால் ஊட்டிவிடுகிறார்கள். சீர்திருத்த சபைகள் பலவற்றில் திடப்படுத்தலுக்குப் பிறகே திருவிருந்து எனப்படும் நற்கருணை.