போர்வீரர் நினைவு நடை

போரில் மாண்டவரையோ, பின்னாளில் மறைந்த முன்னாள் படைவீரரையோ போற்றி ஊரார் கூடி நடந்து செல்வது நினைவு நடை. உடலைச் சுமந்து செல்லும் இறுதி ஊர்வலமும், நினைவிடத்தை நாடி ஆண்டுதோறும் செல்லும் நடையும் இதில் அடங்கும். கோவிந்தாபுரம் முதல் குமுளி வரை நீளும் தமிழக-கேரள மலையடி எல்லையில் இந்த மரபின் பழைய தடங்களும் புதிய தடங்களும் இருக்கின்றன.

தொல்காப்பியப் புறத்திணையியல் வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாக வகுக்கிறது. நீர்ப்படை என்பது தேர்ந்த கல்லை நீர்த்துறைக்குக் கொண்டுபோய் நீராட்டுதல். கல் நட்டபின் மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வழிபட்டனர். வழியில் நடுகல்லைக் காணும் கூத்தர் யாழிசைத்துத் தொழுதுவிட்டுப் போகவேண்டும் என்கிறது மலைபடுகடாம். வீரனின் ஊரார் மட்டுமன்றி, அவனை அறியாத வழிப்போக்கரும் நின்று மரியாதை செய்தனர் என்பதே இம்மரபின் பெருமை.

தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. அரசன் பெயர் அதில் இல்லை. இறந்தவன் பெயரும் ஊரும் பூசலும் மட்டுமே உள்ளன. நாட்டில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழையவை இவை.

இடுக்கி எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் இம்மரபின் ஒரு கிளை இன்றும் உயிரோடு இருக்கிறது. கண்ணகி போர்வீரர் அல்லர். ஆனாலும் சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, தோற்ற வடநாட்டு மன்னர்களான கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொணர்ந்ததாகச் சொல்லும் சிலப்பதிகார வஞ்சிக் காண்டம், வீரக்கல் எடுக்கும் முறையையே அவருக்கும் பின்பற்றுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என அதன் காதைகளுக்குப் பெயரும் அப்படியே. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இக்கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமி அன்று மட்டுமே அனுமதி. தமிழகத்துப் பக்தர்கள் பளியங்குடியிலிருந்து மலைப்பாதையில் நடந்தே ஏறுகிறார்கள்.

பாலக்காடு மாவட்டத்தின் அண்மைக்கால நினைவு லெப்டினன்ட் கர்னல் இ. கே. நிரஞ்சனுடையது. தேசியப் பாதுகாப்புப் படையின் வெடிகுண்டுச் செயலிழப்புப் பிரிவில் இருந்த அவர், 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் தாக்குதல் நடத்தியோரின் சடலங்களைச் சோதித்தபோது குண்டு வெடித்து உயிரிழந்தார். பூர்வீக ஊரான எளம்புலாசேரியில் முழு அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது. ராணுவ இறுதி ஊர்வலத்தில் வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, காலை மெல்ல எடுத்துவைத்து நடப்பார்கள். பெட்டிமேல் போர்த்திய தேசியக் கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுப்பார்கள்.

ஆண்டுதோறும் நடக்கும் வகைக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் ஆன்சாக் நாள் நல்ல எடுத்துக்காட்டு. 1915 ஏப்ரல் 25 அன்று கல்லிப்போலியில் படைகள் கரையிறங்கியதை நினைவுகூரும் நாள் அது. முன்னாள் வீரர்கள் தம் பதக்கங்களை இடப்பக்க மார்பில் அணிந்து நடப்பார்கள். மறைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பதக்கங்களை வலப்பக்கம் அணிந்து நடப்பார்கள். கல்லிப்போலியில் இந்தியப் படையினரும் போரிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய முன்னாள் இந்தியப் படைவீரர்களும் அந்த அணிவகுப்பில் சேர்ந்து நடக்கிறார்கள்.