மண்ணிறப் படங்களும் நச்சுக் காற்றும்

பழைய வீடுகளின் சுவர்களில் தொங்கும் மண்ணிறப் புகைப்படங்களை நாம் ஆசையோடு பார்க்கின்றோம். அவற்றை உருவாக்கியவர்கள் சுவாசித்த காற்றைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை.

1839 இல் பாரிசில் வெளியிடப்பட்ட டாகுவேரின் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் தோன்றுவதற்குச் சூடாக்கிய பாதரசத்தின் ஆவி தேவைப்பட்டது. அந்த ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 1851 இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை பாதரசத்தை விலக்கியது. எனினும் ஈதர் ஆவியும் பொட்டாசியம் சயனைட்டும் இருட்டறைக்குள் புகுந்தன.

அம்முறையில் புகழீட்டிய ஜூலியா மார்கரட் கமரன், இங்கிலாந்தின் வைட் தீவில் நிலக்கரி வைக்கும் அறையொன்றையே இருட்டறையாக்கிக் கொண்டவர். 1875 இல் இலங்கைக்கு வந்த அவர், 1879 இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரது கல்லறை இருக்கின்றது.

பின்னர் பரவலான செப்பியா முறையில், வெளிறச் செய்த படத்தைச் சோடியம் சல்பைட்டுக் கரைசலில் இடுவர். வெள்ளி, வெள்ளிச் சல்பைட்டாக மாறும். படம் நெடுங்காலம் நிலைப்பதன் இரகசியம் அதுவே. ஆனால் அக்கரைசலிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு எழும். அமிலம் கலந்துவிட்டால் ஆபத்தான அளவில் எழும். அவ்வாயு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். ஆகவே நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதென எண்ணுவது பெருந்தவறு. அருகிலுள்ள பிலிமையும் தாளையும்கூட அது பழுதாக்கும்.

நான் பணியாற்றிய காலத்துப் பத்திரிகைக் காரியாலயங்களில் படத்துக்கு நிறமேற்ற அவகாசம் இருந்ததில்லை. ஹைப்போவின் நெடி மாத்திரம் எங்கள் சட்டைகளோடு வீடு வந்தது. குளியலறையை இருட்டறையாக்கிக் கொண்ட ஆர்வலர்களின் நிலையோ வேறு. ஒளி புகாதபடி அடைத்த அறையில் காற்றும் புகாது.

மணிக்கு 10 தடவை காற்று மாறவேண்டும் என்பது இருட்டறைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. எட்டடி நீள, அகல, உயரமுள்ள அறையின் கொள்ளளவு 512 கன அடி. எனவே விசிறி நிமிடத்துக்கு ஏறக்குறைய 85 கன அடி காற்றை வெளியேற்றவேண்டும். அது தட்டுகளுக்குப் பின்னால், முகத்துக்குக் கீழே அமைதல் நன்று. தலைக்கு மேலே பொருத்தினால் ஆவி நம் மூக்கைக் கடந்தே செல்லும். புதுக்காற்று எதிர்ப்புறத்திலிருந்து வரவேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலான உண்மையொன்றுண்டு. நிலைநிறுத்திக் கழுவிய படத்துக்கு நிறமேற்ற இருட்டே தேவையில்லை. முற்றத்தில், திறந்த வெளியில், கையுறை அணிந்து பகல் வெளிச்சத்திலேயே அதைச் செய்யலாம்.