ஜாமீன் வந்தது, ஆள் வரவில்லை

பூந்தமல்லி என்றால் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? கொஞ்சம் வயதானவர்களுக்கு, ராஜீவ் காந்தி கொலை வழக்கு நடந்த தனிக் கோர்ட். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது அங்கேதான். அடுத்த வருடம் மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதில் 19 பேரை விடுவித்தது.

அதே பூந்தமல்லியில் வேறொன்றும் இருந்தது. 'சிறப்பு முகாம்'. பேரைக் கேட்டால் கண் சிகிச்சை முகாம் மாதிரி இருக்கும். வேலூர் கோட்டையிலும் செங்கல்பட்டிலும்கூட இருந்தது. இலங்கைத் தமிழர்களில் போராளி என்று சந்தேகப்பட்டவர்களை 1990 முதல் இதில் வைத்தார்கள்.

எப்படி வைப்பார்கள், கேளுங்கள். ஒருவர் மேல் வழக்கு. வக்கீல் அலைந்து, ஜாமீன்தாரர் பிடித்து, கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது. குடும்பம் ஜெயில் வாசலில் காத்திருக்கும். அதே வாசலில் க்யூ பிராஞ்ச் போலீஸும் காத்திருக்கும், கையில் ஓர் உத்தரவோடு. 1946ஆம் வருட வெளிநாட்டவர் சட்டம், 3(2)(இ) பிரிவு: 'வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும்.' அந்த இடம்தான் முகாம். இத்தனை மாதம் என்று கெடு கிடையாது. பி.காம். படித்தவன் பாஷையில், ஒரு பேரேட்டில் கணக்கு முடிந்தது, பாக்கி அடுத்த பேரேட்டுக்குப் போனது.

சும்மா இருக்கவில்லை. உள்ளே இருந்தவர்களும் உறவினர்களும் சென்னை ஹைகோர்ட் படியேறினார்கள். அரசு சொன்ன வாதம் எளிமையானது: இது சிறை அல்ல, வசிப்பிடம். நடமாட்டத்துக்குத்தான் கட்டுப்பாடு. 1995லும் 2003லும் வந்த முக்கியமான தீர்ப்புகள் இதை ஏற்றுக்கொண்டன. சிறை இல்லை என்று ஆனபின், தடுப்புக் காவலில் இருப்பவருக்கு அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைக் கேட்க முடியுமா?

அரசின் பயத்தையும் சும்மா தள்ள முடியாது. ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பு 1991ல். 1995 ஆகஸ்ட் 15 அன்று வேலூர்க் கோட்டை முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். ஆனால் ஒன்று. வசிக்கிற வீட்டிலிருந்து யாராவது சுரங்கம் தோண்டுவார்களா?

இதே சண்டை அமெரிக்காவில் வேறு மாதிரி நடக்கிறது. வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வரும் வெளிநாட்டவரைக் குடியேற்றத் துறை அங்கேயே மடக்கியது. நியூயார்க் மாநிலம் வழக்குப் போட்டது. கோர்ட்டுக்கு வருகிறவரையும் போகிறவரையும் சிவில் விவகாரத்துக்காகக் கைது செய்யக்கூடாது என்பது இங்கிலாந்தின் பழைய சட்ட மரபு. 2020 ஜூனில் நீதிபதி ராகாஃப் அதைச் சுட்டிக்காட்டி, இந்தக் கைதுகள் சட்டவிரோதம் என்றார். 2025ல் புது நிர்வாகம் வந்ததும் கோர்ட் வளாகக் கைதுகள் திரும்பவும் தொடங்கின, வழக்குகளும்தான்.

நாமும் இங்கிலாந்திடம்தான் சட்டம் படித்தோம். அந்தப் பாடம் நம் ஜெயில் வாசல்வரை வரவில்லை.

2022 நவம்பர் 11. பூந்தமல்லியில் தொடங்கிய அந்த வழக்கில் மிச்சமிருந்த ஆறு பேரையும் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. ஜாமீன் அல்ல, விடுதலை. அவர்களில் நான்கு பேர் இலங்கைக்காரர்கள். நால்வரும் போன இடம் திருச்சி சிறப்பு முகாம். அதில் சாந்தன், ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இலங்கை போக அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்துபோனார். மற்ற மூவரும் ஏப்ரலில் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள்.

1946 சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் அதன் இடத்தில் புதுச் சட்டம். வெளிநாட்டவரைக் குறிப்பிட்ட இடத்தில் வசிக்கச் சொல்லும் அதிகாரம் அதிலும் இருக்கிறது.