பேரிளம்பெண்ணுக்குப் பின்

பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தன. பேதைக்கு ஐந்து வயதில் தொடங்கும் கணக்கு, பேரிளம்பெண்ணுக்கு நாற்பதோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில், சோழ மன்னர் பவனி வரும் வீதியில் காத்து நின்றவர்களும் இவ்வேழு பருவத்தினரே. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அவ்வயதினளுக்கு உலாவில் இடமில்லை. அவளைக் குறிக்க எட்டாவது பெயரும் இல்லை.

வடசென்னையின் வரலாற்றிலும் இந்த இடைவெளி தென்படுகிறது. திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெண்ணுடலை இகழ்ந்து பாடிய அத்துறவி, தாயின் சிதைமுன் கலங்கி நின்றார். ஆனால் அங்கும் அவர் நினைவில் எழுந்தது, சுமந்து பெற்றவளும் பாலூட்டி வளர்த்தவளும்தான். மகன் வளர்ந்தபின் அவளுடல் பட்ட பாடு பாட்டில் வரவில்லை.

ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரால் 1880-இல் மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. 1888-இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த மருத்துவர் மாடில்டா மக்ஃபெயில் தொடங்கிய பணி, 1914-இல் கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. பிரசவத்தில் பெண்கள் மாண்டுகொண்டிருந்த காலத்தில் அதுவே முதல் தேவை; குறை சொல்வதற்கில்லை. மேலைநாட்டிலும் ‘மெனோபாஸ்’ என்ற சொல்லைப் பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821-இல்தான் வழங்கினார்.

மருத்துவமனைக்கு வெளியே கைவைத்தியம் இருந்தது. சித்த மருத்துவம் கூறும் 32 புறமருத்துவ முறைகளுள் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என அதில் ஒன்பது வகைகள். வீடுகளிலோ, பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, உடம்பு பிடித்துவிட்டு, வெந்நீர் ஊற்றுவது வழக்கம். அதைச் செய்த கைகள் யாருடையவை? பெரும்பாலும் ஐம்பதை நெருங்கிய தாயுடையவை, அல்லது மாமியாருடையவை. திடீரென உடல் தகித்து, வியர்த்து, உறக்கம் கெட்டிருந்தவளும் அவளாக இருந்திருக்கலாம். அவ்வயதில் அவள் தேய்த்துவிடுபவள், தேய்க்கப்படுபவள் அல்லள்.

2002-இல் அமெரிக்காவின் பெரும் ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் சிகிச்சைப் பிரிவு, மார்பகப் புற்று, இதயநோய் அபாயங்களால் இடையில் நிறுத்தப்பட்டது. பலர் வேறு வழிகளை நாடினர். அறுபதுக்குட்பட்ட பலருக்கு அச்சிகிச்சை நன்மையே தரும் என்று பின்னாளில் தெளிவாயிற்று. 2012-இல் வெளியான தெஹ்ரான் ஆய்வு ஒன்று 90 பெண்களை மூன்று குழுவாக்கிப் பார்த்தது. நறுமண எண்ணெய் தேய்த்துவிடப்பட்டவர்களுக்கே நிவாரணம் அதிகம். மணமில்லா எண்ணெய் தேய்த்துவிடப்பட்டவர்களும், எதுவும் பெறாதவர்களைவிடத் தேறினர். சிறிய ஆய்வுதான். தேய்த்துவிடுவது குறைந்துபோன ஹார்மோனை மீட்டுத் தராது. மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு கண்டால் மருத்துவரிடமே செல்ல வேண்டும். ஆனால் உறக்கத்துக்கும் உடல்வலிக்கும் மனப்பதற்றத்துக்கும் பிறர் கையின் தொடுகை துணை செய்யும்.

விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் பலர். அவர்கள் பிள்ளை பெற்ற நாள்களுக்கு மருத்துவமனை ஏடுகளில் குறிப்பிருக்கும். அதற்குப்பின் வந்த முப்பதாண்டுகளை எழுத வேண்டுமானால், அவர்களிடமேதான் கேட்க வேண்டும். கேட்கும்போது, அவர்களுக்கு யார் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே கேட்போம்.