ஓர் இசைத்தட்டும் புலம்பெயர்ந்தோர் வரலாறும்: ‘ஏலியன் கல்ச்சர்’ குழுவை முன்வைத்து

முன்னுரை

புலம்பெயர் தமிழர் வரலாறு பெரிதும் கதை, கவிதை, சிற்றிதழ் முதலான அச்சுச் சான்றுகளைக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது. ஒலிச்சான்றுகளும் அவற்றுக்கு இணையானவை என்பதை, இங்கிலாந்தில் தெற்காசிய வழிவந்த இளைஞர் தொடங்கிய பங்க் இசைக்குழு ஒன்றின் ஒரே இசைத்தட்டைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பெயரின் அரசியல்

1976 சூனில் இலண்டனின் சவுத்தால் பகுதியில் குர்தீப் சிங் சக்கர் என்ற மாணவர் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே ‘இனவெறிக்கு எதிரான ராக்’ இயக்கம் தோன்றியது. 1978 சனவரியில், அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மார்கரெட் தாட்சர், வேற்றுப் பண்பாட்டினரால் நாடு மூழ்கடிக்கப்படுமோ என மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சி நேர்காணலில் கூறினார். 1979இல் தென் இலண்டனில் பாகிஸ்தானிய வழியினர் மூவரும் வெள்ளையர் ஒருவரும் தொடங்கிய குழு, அவ்வச்சத்தையே பெயராகச் சூடி, ‘அந்நியப் பண்பாடு’ எனப் பொருள்படும் ‘ஏலியன் கல்ச்சர்’ ஆயிற்று. இழிவாக வழங்கிய சொல்லை ஏற்று எதிர்ப்பாக்கும் இம்முறை தமிழுக்குப் புதிதன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ எனப் பெயரிட்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இசைத்தட்டின் சான்று

1980இல் அவ்வியக்கத்தின் வெளியீடாகவே இக்குழுவின் தட்டு வந்தது. ஒரு பக்கம் ‘ஆசிய இளைஞர்’ எனப் பொருள்படும் ‘ஏசியன் யூத்’. மறுபக்கம் இரு பண்பாடுகளின் குறுக்கீட்டைச் சுட்டும் ‘கல்ச்சர் கிராஸ்ஓவர்’. தெருவில் இனவெறி, வீட்டில் மரபின் கட்டுப்பாடு என இரண்டாம் தலைமுறை எதிர்கொண்ட இருமுனை நெருக்கடியை இவ்விரு தலைப்புகளே உணர்த்துகின்றன. 1981இல் குழு கலைந்தது. தட்டு கிடைத்தற்கு அரியதாயிற்று.

இத்தகைய அருமையைச் சேகரிப்போர் சந்தையின் மதிப்பாக மட்டும் கருதலாகாது. பெருநிறுவனங்களுக்கு வெளியே எழுந்த குரல் குறைந்த படிகளிலேயே பதிவாகிறது என்பதற்கும் அதுவே சான்று. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மாதங்கி அருள்பிரகாசத்தின் (எம்.ஐ.ஏ.) ‘கலாங்’ 2003இல் முதலில் 500 படிகளே அச்சாயிற்று.

முடிவுரை

பிற மாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரியும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழித்தடத்தில் தமிழர் வந்தேறியோர் அல்லர், மண்ணுக்குரியோர். ‘வடக்கன்’ என்ற ஏளனச்சொல் இங்கிருந்தே எழுகிறது. அச்சொல்லையே அவர்தம் பிள்ளைகள் ஒருநாள் பெயராக்கிப் பாடக்கூடும். கைப்பேசியில் பதிவாகிக் கைப்பேசியிலேயே அழியும் அத்தகைய பாடல்களைத் தொகுத்துக் காப்பதும் தமிழாய்வின் கடமையாகும்.