சத்திரச் சாலையில் தள்ளுவண்டிகள்

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம் வரும். காஞ்சிபுரத்தையும் கடந்து போனால் பாலுசெட்டிசத்திரம். நடந்தும் மாட்டுவண்டியிலும் போனவர்களுக்குச் சோறும் திண்ணையும் தந்த ஓர் ஏற்பாடு ஊர்ப்பெயர்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இன்று அச்சாலையிலும், அதிலிருந்து ஒரகடத்துக்குப் பிரியும் சாலையிலும், பசித்தவனுக்குச் சோறு போடுவது தள்ளுவண்டி. 2005-க்குப் பிறகு, நாம் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டிக்கொண்ட டாடா ஏஸும் அதனோடு சேர்ந்துகொண்டது.

ஆலைகளின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததே. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல். 1998-இல் முதல் கார். 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர். அந்த வாயில்களுக்கு எதிரே முதல் இட்லிப் பானையை இறக்கியவர் யார் என்பதை எந்த மலரும் அச்சிடவில்லை. அமெரிக்கர்கள் இதில் சற்றுக் கவனமானவர்கள். 1872-இல் பிராவிடன்ஸ் நகரில், அச்சுக்கூட வேலையை விட்ட வால்டர் ஸ்காட் என்பவர் ஒரு குதிரைவண்டியைப் பத்திரிகை அலுவலகத்தின் முன் நிறுத்தி இரவுப்பணியாளருக்கு உணவு விற்றதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நமக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. மதுரைக்காஞ்சியில் இரவின் யாமங்கள் கழியும் இடத்தில், அடை விற்கும் கூவியர் இருந்தபடியே உறங்கிப்போகிறார்கள். மாங்குடி மருதனார் அவர்களைப் பார்த்திருக்கிறார். நம் தொழில் வரலாற்றாசிரியர்கள்தான் பார்க்கவில்லை.

ஆலைக்குள் கேண்டீன் இருக்கும்போது வாசலில் வண்டி எதற்கு? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு அந்த எண்ணை 100 ஆக்கியது. நிரந்தரத் தொழிலாளியைக் கம்பெனிப் பேருந்து வாயிலுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது; அவர் வண்டியின் பக்கம் திரும்புவதே அரிது. வண்டியை நம்பி நிற்பவர் வேறு மனிதர்: சரக்கு இறக்க முறை வராமல் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர், காவலாளி, கட்டுமானத்துக்கு வந்த ஒடியரும் பிகாரியும், தெரிந்தவர் சொல்லி வேலை கேட்டு வந்த இளைஞன். எந்தக் கேண்டீனின் கணக்கிலும் இவர்கள் இல்லை. கணக்கில் இருப்பதும் காப்பு அல்ல என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியின் உணவால் 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பெண்கள் இதே நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தார்கள்.

வண்டித் தொழிலின் உயிர் ஷிப்ட் மாறும் அந்த அரைமணி நேரத்தில் இருக்கிறது. அதற்குமுன் மாவு புளித்து, சட்னி அரைத்து, கேன் தண்ணீர் ஏற்றி, சிலிண்டரோடு இடம் பிடித்தாக வேண்டும். விடியலில் பாதிப் பேருக்கு அது காலை உணவு, மீதிப் பேருக்கு இரவுச் சாப்பாடு. ஆகவே இட்லிப் பானைக்குப் பக்கத்திலேயே எலுமிச்சைச் சாதமும் இருக்கும். வெயில் ஏறினால் கம்பங்கூழ். வடக்கத்தியர் வரவுக்குப் பின் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சேர்ந்தன. ஆலை திடீரென்று ஒருநாள் விடுமுறை விட்டால், அரைத்த மாவு முழுவதும் நட்டம். வண்டிக்காரருக்கு அதை முன்கூட்டிச் சொல்வார் யாருமில்லை.

சட்டம் எங்கே நின்றது என்பதுதான் இதில் விசித்திரம். தெருவில் விற்பது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கால் நூற்றாண்டு கழித்து, 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு, சான்றிதழ், விற்பனைக் குழு, இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பு என எல்லாம் அதில் உண்டு. ஆனால் உள்ளாட்சி என்று அது குறிப்பது மாநகராட்சியை, நகராட்சியை, பேரூராட்சியை, இன்னும் இவைபோன்ற நகர அமைப்புகளை. ஆலைகள் எழுந்தபோது ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் கிராம ஊராட்சிகள். உலகச் சந்தைக்குக் கார் செய்யும் இடம், தெருவோர வியாபாரியைப் பொறுத்தவரை கிராமம்! உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011 விதிகளின்படி பதிவு செய்துகொள்ளலாம். அது சுத்தமாக விற்க அனுமதி. நிற்க இடம் அல்ல. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, ஓரம் சிப்காட்டுக்கு, அதிகாரம் காவலருக்கு. வண்டிக்குச் சக்கரம் இருப்பது நகர்ந்து விற்பதற்காக மட்டுமல்ல, ‘எடு’ என்றால் எடுப்பதற்காகவும்தான் என்று நினைக்கிறேன்.

2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. சில வாரங்களில் அதே வளாகத்தில் ஃபாக்ஸ்கானும் மூடியது. வரித் தகராறும் தொழிலாளருக்கான இழப்பீடும் அப்போது பேசப்பட்டன. சம்பள நாளில் தீர்க்கும் பற்றுக்கணக்கு ஒன்று வண்டிக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கங்களில் பெயர் இருந்த பிள்ளைகளில் பலர் அறையைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள். 2019-இல் அந்த வளாகத்தை சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. ஐந்தாண்டுக்கு முந்தைய அந்த நோட்டை, அதற்குள் எந்த வண்டிக்காரர் வைத்திருக்கப்போகிறார்?