நூலக வாசலுக்கு வெளியே நிற்பவரின் மதிப்பெண்



எம்.சி. ராஜா 1883இல் பரங்கிமலையில் பிறந்தவர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர். அவர் படித்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி அன்று நகரத்தின் நடுவே இருந்தது. 1937இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. பள்ளி ஆசிரியராக இருந்து சட்டசபை வரை சென்ற அந்த மனிதரை நினைவுகூரும் இந்த நாளில் எதைப் பேசுவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, நூலகவியல் படிக்கும் மாணவத் தோழர் ஒருவர் சில தாள்களைக் கொண்டுவந்து நீட்டினார்.

அது ஒரு வினாப்பட்டியல். பொது நூலகத்தில் வாசகரின் திருப்தியையும் சேவையின் தரத்தையும் அளப்பதற்கானது. தென்புறநகரில் உள்ள ஒரு கிளை நூலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தார். பெரும்பாலோர் 'திருப்தி' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். அதே நூலகத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. கேட்ட புத்தகம் பீரோவுக்குள் இருந்தது. பீரோவின் சாவி, விடுப்பில் போனவரிடம் இருந்தது. "இவ்வளவு இருந்தும் எப்படித் தோழர் எல்லாரும் திருப்தின்னு போடுறாங்க?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து நாங்கள் போன வழிதான் இந்த உரை. அதற்கான பதில் நூலகவியலில் பாதியும் நம் வரலாற்றில் பாதியுமாகக் கிடக்கிறது.

பாதைக்கே நடந்த போராட்டம்

சென்னையில் கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1886இல், பிரம்மஞான சபையின் அடையாறு நூலகம் தொடங்கிவிட்டது. அந்தச் சபையின் தலைவர் ஆல்காட்தான் 1894இல் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளியையும் தொடங்கினார். ஓலைச்சுவடிகளைச் சேர்த்து வைக்கும் நூலகமும், அகரம் கற்றுத்தரத் தனியாக ஒரு பள்ளியும் ஒரே காலத்தில் ஒரே நகரத்தில் தேவைப்பட்டன. புத்தகம் ஒரு சாராரிடமும் பசி இன்னொரு சாராரிடமும் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் முன்னோர் நூலகக் கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். விலையையே பெயராக வைத்த பத்திரிகை அது. எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பது அந்தக் காலத்து வாசிப்பு. சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல் வரை பரவியிருந்தன. யாரால் வாங்க முடியும், எவ்வளவு தூரம் போய்ச் சேரும், படிக்கத் தெரியாதவருக்கும் பயன்படுமா என்ற மூன்றையும் யோசித்து நடத்தப்பட்ட இதழ் அது. சேவைத் தரம் என்று இன்று சொல்வதை அவர்கள் அந்தப் பெயர் இல்லாமலே அளந்தார்கள்.

அண்ணல் அம்பேத்கரையும் இங்கே நினைக்க வேண்டும். 1916இல், வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோது, பெரோஸ்ஷா மேத்தாவுக்குச் சிலை வைக்கும் ஏற்பாட்டை அறிந்து 'பம்பாய் கிரானிக்கிள்' இதழுக்குக் கடிதம் எழுதினார். சிலைக்குப் பதில் பொது நூலகம் அமையட்டும் என்பது அவருடைய வாதம். படிக்கும் காலத்திலேயே அதைச் சொன்னவருக்கு நாம் எத்தனை சிலைகள் வைத்தோம், எத்தனை நூலகங்கள் வைத்தோம் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு.

நூலகத்துக்குள் போவதற்கு முன்னால் தெருவில் நடக்க வேண்டுமே. பொதுச் சாலையும் கிணறும் பொது அலுவலகங்களும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்று சென்னை மாகாண சட்டசபை தீர்மானம் போட வேண்டியிருந்தது 1924இல். அதற்குப் பிறகும் நிலைமை மாறாததால்தான் எம்.சி. ராஜா சமூகத் தடைகளை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1938இல் அது சட்டமானது. நூலகச் சட்டம் வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. இந்த வரிசையை மனதில் வையுங்கள். முதலில் தெரு, அப்புறம் கிணறு, கடைசியில் புத்தகம்.

சட்டமும் வரியும்

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். 1950 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் பாடம். புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், அவர் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்பவை அவற்றின் சாரம். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. வாசகர் வர முடியாவிட்டால் புத்தகம் போக வேண்டும் என்பதை அந்த வண்டி செய்து காட்டியது.

சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து, தொடக்கத்தில் ரூபாய்க்கு ஆறு பைசா என்று அந்தக் காலத்துச் சின்னப் பைசாவில் வசூலித்தார்கள். இன்று ரூபாய்க்கு 10 பைசா. சொந்த வீட்டுக்காரர் அதை நேரடியாகக் கட்டுகிறார். பம்மலிலோ அனகாபுத்தூரிலோ ஒற்றை அறையில் குடியிருப்பவரும் வாடகைக்குள் அதைக் கட்டுகிறார், ரசீது மட்டும் அவர் பெயரில் வருவதில்லை. ஆகவே நூலகத்தில் கால் வைக்கும் யாரும் அங்கே தருமம் வாங்க வரவில்லை. இதை முதலில் நம் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

சட்டம் சென்னை நகருக்குத் தனியாக ஓர் ஆணைக்குழுவையும் மாவட்டத்துக்கு ஒன்றாக ஆணைக்குழுக்களையும் வைத்தது. தாம்பரமும் பல்லாவரமும் மாவட்டத்தின் பக்கம் விழுந்தன. நகரத்தின் வேலைகளை இந்தப் புறநகர்கள் செய்தன. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே தோல் தொழிற்சாலை. நாகல்கேணி தோல் கிடங்குகளிலும் திரிசூலம், பல்லாவரம் கல் குவாரிகளிலும் உழைத்தவர்கள் யார் என்று இந்த அரங்குக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து அடுக்கிய இடங்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சியானது. சொத்து வரி வளர, நூலக வரியும் வளரும். அந்தப் பணம் எந்தத் தெருவில் புத்தகமாகிறது என்று கேட்பதற்கு இதுவே நேரம்.

வங்கியில் பிறந்த அளவுகோல்

இப்போது மாணவத் தோழரின் வினாப்பட்டியலுக்கு வருவோம். அதன் மூலம் 1988இல் பரசுராமன், சைதாம்ல், பெர்ரி என்ற மூவர் அமெரிக்காவில் வெளியிட்ட 'சர்வ்குவால்' என்னும் அளவுகோல். இதில் பரசுராமன் நம் கிண்டிப் பக்கத்து ஐஐடியில் பொறியியல் படித்தவர். வங்கி, கடன் அட்டை, பொருள் பழுதுபார்ப்பு போன்ற சேவைகளை ஆராய்ந்து உருவாக்கிய அளவுகோல் இது. இடமும் பொருளும் இருக்கும் நிலை, சொன்னதைச் சொன்னபடி செய்தல், உடனே உதவுதல், நம்பிக்கை தருதல், ஆளை ஆளாக மதித்தல் என்ற ஐந்து கூறுகளில் 22 கூற்றுகள். ஒவ்வொன்றிலும் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, கிடைத்தது என்ன என்று கேட்பார்கள். கிடைத்ததிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்தால் வருவது தரம். நூலகங்களுக்கென்று 2000இல் அமெரிக்க ஆய்வு நூலகங்கள் 'லிப்குவால்' என்ற அளவுகோலை உருவாக்கின. பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைந்தபட்ச அளவையும் அது சேர்த்துக் கேட்கிறது.

கருவியை நாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்த ஐந்தாவது கூறு, ஆளை ஆளாக மதித்தல், நம் அரசியலின் மையம். ஆனால் அந்தக் கழித்தல் கணக்கை உற்றுப் பாருங்கள். எதிர்பார்ப்பு குறையக் குறைய மதிப்பெண் கூடும். தலைமுறை தலைமுறையாக எதையும் எதிர்பார்க்காதே என்று பழக்கப்பட்ட சமூகத்திடம் இந்தக் கணக்கைப் போட்டால் என்ன வரும்? உட்கார நாற்காலி கிடைத்தாலே திருப்தி. விரட்டாமல் விட்டாலே மிகவும் திருப்தி.

நாங்கள் அந்த நூலகத்துக்கு மறுபடியும் போனோம். சில மாலைகள் அங்கிருந்தவர்களோடு பேசினோம். மேசைகளில் பாதிக்கு மேல் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள். புத்தகத்தையும் தண்ணீர் பாட்டிலையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். நூலகத்தின் அலமாரியைத் தொடுவதே இல்லை. வீட்டில் ஒரே அறை, அதில் ஐந்து பேர், ஓயாத டிவி. அவர்களுக்கு நூலகம் என்பது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான்கு மணி நேர அமைதி. குடும்பத்தின் முதல் பட்டதாரியான ஒரு பெண் சொன்னார்: "பாத்ரூம் பூட்டியிருக்கும்னு தெரியும். அதனால தண்ணி குடிக்காம வந்துடுவேன்." அவருடைய தாளை எடுத்துப் பார்த்தோம். திருப்தி என்று இருந்தது.

தண்ணீர் குடிக்காமல் இருந்து வாங்கிய திருப்தி அது. மாணவத் தோழரின் கேள்விக்கு முதல் பதில் இது. நூலகம் தர வேண்டியதை அந்தப் பெண் தன் உடம்பிலிருந்து ஈடுகட்டியிருக்கிறார். அந்த ஈடு எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

இரண்டாவது பதில் வாசலுக்கு வெளியே இருக்கிறது. வினாப்பட்டியல் உள்ளே வந்தவரிடம்தான் கொடுக்கப்படுகிறது. விடியற்காலையில் துப்புரவு வேலைக்குப் போய், மாலையில் வீட்டு வேலை முடித்து இரவு திரும்புகிறவர் நூலகம் திறந்திருக்கும் நேரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. உறுப்பினர் படிவத்தில் முகவரிச் சான்று கேட்டதால் திரும்பிப் போன பையன் யாருடைய கணக்கிலும் இல்லை. அவர்கள் அதிருப்தியாளர்கள்கூட இல்லை. அதிருப்தி கொள்வதற்கும் முதலில் உள்ளே வந்திருக்க வேண்டும்.

1961 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜாக்சன் நகரில் நடந்ததைச் சொல்கிறோம். டூகலூ கல்லூரியைச் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்கள் முதலில் கறுப்பர்களுக்கான கிளை நூலகத்துக்குப் போய்ச் சில புத்தகங்களைக் கேட்டார்கள். அங்கே இல்லை. பிறகு வெள்ளையர்களுக்கு மட்டுமான தலைமை நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து படித்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். அன்றைக்கு ஜாக்சன் நகரத் தலைமை நூலகத்தில் வாசகர் திருப்தியை அளந்திருந்தால் முழு மதிப்பெண் வந்திருக்கும். அந்த மாணவர்கள் வேறொன்றை அளந்தார்கள். கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கி, அந்தப் பதிலையே ஆதாரமாக்கினார்கள்.

யுனெஸ்கோவின் 1994ஆம் ஆண்டுப் பொது நூலக அறிக்கை வயது, இனம், பால், மதம், தேசம், மொழி, சமூக நிலை எதுவும் தடையாகக் கூடாது என்கிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. அந்தச் சொல்லை அளவுகோலுக்குள் கொண்டுவருவது நம் வேலை.

நாம் அளக்க வேண்டியவை

எங்கள் யோசனைகளை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று, உறுப்பினர் பதிவேட்டைத் தெருவாரியாகப் பிரித்துப் பார்ப்பது. எந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவர்கூட இல்லையோ அங்கே போய் வினாப்பட்டியலைக் கொடுப்பது. இரண்டு, கேட்டும் கிடைக்காத புத்தகங்களுக்கு ஒரு நோட்டு வைப்பது. அம்பேத்கர் தொகுதிகள் அலமாரியில் கைக்கு எட்டும்படி இருக்கின்றனவா, பீரோவில் இருக்கின்றனவா என்பதையும் அதில் எழுதுவது. மூன்று, நூலக நேரத்தை அந்தப் பகுதியின் வேலை நேரத்தோடு ஒப்பிடுவது. நான்கு, கழிப்பறையும் குடிநீரும். ஐந்து, நூலக வரியாக எவ்வளவு வசூலானது, எவ்வளவு நூலகத்துக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது.

நூலகரை எதிரியாக்கும் கணக்கு இது இல்லை. ஒற்றை ஆளாகக் கிளையை நடத்துகிறவர்கள் பலர். குறைந்த தொகுப்பூதியத்தில் இருப்பவர்களும் உண்டு. நம் நோட்டு அவர்கள் கைக்கும் ஒரு கருவி. மேலே எழுதிக் கேட்க அவர்களுக்கும் ஆதாரம் வேண்டும்.

எம்.சி. ராஜா ஆசிரியர். 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம், அரசுப் பதிவேடுகளில் நம்மை எந்தப் பெயரில் எழுதுவது என்பதைப் பற்றியது. பறையர், பஞ்சமர் என்பவற்றை நீக்கி ஆதி திராவிடர் என எழுத வைத்தார். பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது சிறிய விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்த மாணவத் தோழர் இப்போது வினாப்பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறார்: 'உங்கள் தெருவில் இங்கே வராதவர் யார், ஏன்?' அந்தப் பதில்களைத் தொகுக்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் தேவை. பெயர் கொடுங்கள்.

ஜெய்பீம்.